திண்ணையில் ஒரு நாற்காலி

ஜனவரி 12 நெருங்கினால் எனக்குப் போன் வரும். தேசிய இளைஞர் தினத்துக்குப் பேச வாங்க டீச்சர் என்பார்கள். குடியாத்தம், பேரணாம்பட்டு, காட்பாடி என்று சுற்றுவட்டாரப் பள்ளி, கல்லூரிகளில் பத்துப் பன்னிரண்டு வருடம் பேசியிருக்கிறேன். என்ன பேசுவேன் என்பது எனக்கே மனப்பாடம். 1806 ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டைக்குள் எழுந்த சிப்பாய்களில் தொடங்குவேன். ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் செத்துப்போனதைப் பார்த்து மருத்துவம் படிக்கப் போன இளம்பெண் ஐடா ஸ்கடர் வருவார். 1954 இடைத்தேர்தலில் காமராசரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய மண் இது என்பேன், கைதட்டுவார்கள். 2017 தை மாதம் மெரினாவில் செல்போன் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்து நின்ற பிள்ளைகளைச் சொல்லும்போது அரங்கமே எழுந்து உட்காரும். முடிக்கும்போது ஒரே வாக்கியம்தான்: நீங்கதான் மாத்தணும்.

2023-லிருந்து நான் போவதில்லை. உடம்பு சரியில்லை, பேரன் வந்திருக்கிறான் என்று ஏதாவது சொல்லிவிடுகிறேன். உண்மைக் காரணம் அந்தக் கடைசி வாக்கியம். அதை ஒருநாள் மேடையில் இல்லாமல் என் வீட்டு வாசலில் நின்று ஒரு பெண்ணிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அது என் வாயில் வருவதில்லை. ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை, இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அவள் பெயரை எழுதப்போவதில்லை. ஊர்ப் பெயரும் வேண்டாம். குடியாத்தத்திலிருந்து கே.வி.குப்பம் போகிற பஸ்ஸில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர்களில் ஒன்று. நடுநிலைப் பள்ளி ஒன்று, மாரியம்மன் கோயில் ஒன்று, வீட்டுக்கு வீடு வாசலில் பீடி சுற்றுகிற பெண்கள். இராத்திரியே இலையை நனைத்து வைத்து, காலையில் தகடு வைத்துக் கத்தரித்து, மடியில் முறத்தோடு உட்கார்ந்தால் ஆயிரம் பீடி முடிகிறவரை எழுந்திருக்க முடியாது. அப்படி ஒரு அம்மாவின் மகள் அவள். பத்தொன்பது வயது. பி.காம். இரண்டாம் ஆண்டு. என்னிடம் எட்டாம் வகுப்பு வரை படித்தவள்.

கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. 2021 நவம்பரில் சின்ன வகுப்புகள் திறந்தபோது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தன் பெயர் எழுத வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் இல்லம் தேடிக் கல்வி வந்தது. ஊருக்குள்ளேயே படித்த பிள்ளைகளைத் தன்னார்வலர்களாகச் சேர்த்தார்கள். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழுவரை பாடம், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை, ஒருவருக்கு இருபது பிள்ளைகள் வரை. தமிழ்நாடு முழுக்க ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் இதற்கு வந்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். எங்கள் ஊரில் முதலில் பெயர் கொடுத்தவள் இவள். தெருக்கோடியில் ஒரு ஓட்டு வீட்டுத் திண்ணை கிடைத்தது. பதினெட்டுப் பிள்ளைகள். நான் பள்ளி முடிந்து போகும்போது நின்று பார்ப்பேன். புளியங்கொட்டையை எண்ண வைத்துக் கழித்தல் சொல்லிக்கொடுப்பாள். கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கை நான் இருபத்தைந்து வருடமாகக் கரும்பலகையில் போட்டு மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் ஒரு பையனை எழுப்பி, பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பத்துக் கொட்டை கேட்டு வாங்கி வா என்று அனுப்பினாள். அவ்வளவுதான், புரிந்துவிட்டது.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2022 மே மாதம் நடந்தது, 30-ஆம் தேதி முடிந்தது. முடிந்த மூன்றாம் நாள் எங்கள் வீட்டுக்குத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு ஒரு பத்திரிகை வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள். பெண் பத்தாவது எழுதியவள். மாப்பிள்ளை தாய்மாமன், பெங்களூரில் கட்டட வேலை. "பரீட்சை முடியட்டும்னுதான் காத்துனு இருந்தோம் டீச்சர்" என்றார் பெண்ணின் அப்பா. அதைப் பெருமையாகத்தான் சொன்னார். தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை செய்கிறவர், மூன்று பெண்கள், கடன். அவரைக் கெட்டவர் என்று என்னால் எழுத முடியாது. மகளைப் பத்தாவது வரைக்கும் படிக்க வைத்த அப்பா அவர்.

பத்திரிகையில் வயது போடுவதில்லை. ஆனால் எனக்குத் தெரியும். அவள் எட்டாவது முடித்தபோது மாற்றுச் சான்றிதழ் எழுதியது நான். பிறந்த தேதி என்ற இடத்தில் எண்ணிலும் எழுத்திலும் எழுத வேண்டும். என் கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். அவளுக்குப் பதினாறு முடியவில்லை. தெரிந்தே பத்திரிகையைக் கையில் வாங்கி, "நல்லா இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினேன்.

அன்று சாயங்காலம்

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவள் வந்தாள். திண்ணைப் பாடம் முடித்துவிட்டு நேராக வந்திருந்தாள், கையில் சாக்பீஸ் தூள் இருந்தது. உள்ளே வா என்றேன், வரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், செம்பை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"டீச்சர், அது வேணாங்குது. எங்கிட்ட வந்து அழுவுது. பிளஸ் ஒன் சேரணுமாம்."

"அவங்க அப்பா அம்மா இருக்காங்களேம்மா."

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க டீச்சர். உங்ககிட்டதான் எல்லாரும் படிச்சது."

நான் என்னென்னவோ சொன்னேன். பத்திரிகை வைத்துவிட்டார்கள் என்றேன். ஊர் விஷயம், சொந்தத்துக்குள் நடக்கிறது, நான் இடையில் போனால் நாளைக்குப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புவார்களா என்றேன். அவள் ஒன்றுக்கும் பதில் பேசவில்லை. கடைசியாக, அவள் தோளைத் தட்டி, நிஜமாகவே அன்போடு, "உங்க தலைமுறைதாம்மா, நீங்கதான் மாத்தணும்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. நான் வகுப்பில் தப்பாக ஒரு கணக்கைப் போட்டுவிட்டேன், அதை எப்படிச் சொல்வது என்று நல்ல பிள்ளைகள் தயங்குவார்களே, அப்படி ஒரு பார்வை. தண்ணீரைக் குடிக்காமல் செம்பை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று இராத்திரியே பம்பு செட்டுக்குப் பின்னால் நின்று, குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்திருக்கிறாள். பெண்ணின் பெயர், வயது, எந்தத் தெரு, எந்த மண்டபம், எத்தனை மணி முகூர்த்தம் என்று கேட்டார்களாம். சொல்கிறவர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்றார்களாம். மறுநாள் காலையில் ஜீப் வந்தது. சமூக நலத்துறையிலிருந்து இரண்டு பெண்கள், ஒரு பெண் போலீஸ். வயதுக்குச் சான்று வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள். விடுமுறை நாள், நான் போய்ப் பள்ளியைத் திறந்து சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தேன். என் கையெழுத்தை அவர்கள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். 2006-ஆம் வருடக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று எடுத்துச் சொன்னபோது, அந்த அப்பா பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினெட்டு முடியாமல் கல்யாணம் செய்ய மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பெண்ணை வேலூருக்குக் குழந்தைகள் நலக் குழுவிடம் அழைத்துப் போய், பேசி, பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜூன் 20-இல் ரிசல்ட் வந்தது. பாஸ்.

இத்தோடு முடிந்திருந்தால் இதையும் இளைஞர் தினப் பேச்சில் சேர்த்துக்கொண்டிருப்பேன். முடியவில்லை.

யார் போன் பண்ணினது என்று ஊர் தேடியது. பெயரை எந்த அதிகாரியும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. "அன்னிக்குச் சாயங்காலம் அது டீச்சர் வூட்டுக்குப் போச்சே" என்று யாரோ சொன்னார்கள். அவள் என் வாசலில் நின்றதை ஆடு ஓட்டிக்கொண்டு போன யாரோ பார்த்திருக்கிறார்கள். வாசலில் நின்றது இரண்டு பேர். போனைச் செய்தது இவர்தானோ என்று என்னையும் சந்தேகப்பட்டிருக்கலாம். என்னை யாரும் கேட்கவில்லை. என் வயதும் வேலையும் எனக்கு வேலி. எல்லாம் அவள் மேல் இறங்கியது.

திண்ணைக்குப் பிள்ளைகள் வருவது நின்றது. முதல் நாள் பதினொன்று, அடுத்த நாள் நான்கு, பிறகு ஒருத்தரும் இல்லை. வீட்டுக்காரம்மா, "இங்க வேணாம்மா, எங்களுக்கு இன்னாத்துக்கு வம்பு" என்று சொல்லிவிட்டார். குழாயடியில் அவள் குடம் வரிசையில் பின்னுக்குப் போனது. அவள் அம்மாவுக்கு இரண்டு வாரம் பீடி இலை கிடைக்கவில்லை. ஸ்டாக் இல்லை என்றாராம் கொடுக்கிறவர். பக்கத்து வீட்டுக்கெல்லாம் இருந்தது. இலை இல்லாத முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மா வாசலில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். கை பழக்கத்தில் விரல்கள் தானாக உருட்டிக்கொண்டிருந்தன. இன்று வரைக்கும் அது என் கண்ணை விட்டுப் போகவில்லை.

1992-இல் எனக்குப் பின்னால் இருந்தது

அவள் வயதில் நானும் ஒரு திண்ணையில் நின்றவள்தான். வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பலகைகளில் எழுதியிருந்த காலம். 1990-இல் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமானது. அந்த அலை தமிழ்நாட்டுக்குள் அறிவொளி இயக்கமாக வந்தது. புதுக்கோட்டையில் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகியதைப் பத்திரிகைகளில் பார்த்துவிட்டு நானும் அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பதினெட்டு வயது. அறிவொளித் தொண்டர். இராத்திரி ஏழரைக்கு மேல் பீடி வேலை முடித்த பெண்கள் வருவார்கள். அரிக்கேன் விளக்கு. முதல் பாடத்திலேயே பட்டா, படி என்று வரும். அ, ஆ-வில் தொடங்காமல் நிலத்தின் பட்டாவில் தொடங்கும். அந்தச் சொல்லை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு ஒரு பெரியம்மா, "இதை வச்சினுதான் எங்க மாமனார் எல்லாத்தையும் ஏமாந்தாரு" என்று சொன்னார்.

ஒருநாள் இராத்திரி ஒருவர் குடித்துவிட்டு வந்தார். பொண்டாட்டி சமைக்காமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள், பொம்பளைங்களைக் கெடுக்கிறியா என்று என்னைப் பார்த்து இரைந்தார். எனக்குக் கால் நடுங்கியது. அந்தத் திண்ணையின் மூலையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தினமும் தன் வீட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்வார். அவர்தான் திண்ணையைக் கேட்டு வாங்கிக் கொடுத்தவர். பாடம் நடத்த மாட்டார், பேசவும் மாட்டார், பனையோலை விசிறியால் கொசு ஓட்டிக்கொண்டிருப்பார். அன்றும் எழுந்திருக்கவில்லை. விசிறியை மட்டும் நிறுத்தினார். வந்தவர் அவரைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், போய்விட்டார். விசிறி மறுபடி ஆட ஆரம்பித்தது.

பல வருடம் இதை என் துணிச்சலின் கதையாகத்தான் சொல்லி வந்திருக்கிறேன். பதினெட்டு வயதுப் பெண், இருட்டில் சைக்கிள், நாற்பது பெண்களுக்கு எழுத்து. சொல்லும்போது அந்த நாற்காலியை ஒரு சுவையான சங்கதியாகச் சேர்த்துக்கொள்வேன். இலை இல்லாத முறத்தைப் பார்த்த இரவில்தான் எனக்கு உறைத்தது. எனக்குப் பின்னால் அந்த நாற்காலி இருந்தது. அதற்குப் பின்னால் கலெக்டர் ஆபீஸ் இருந்தது, கலைக்குழு இருந்தது, ஊர் ஊராக வந்த ஜீப் இருந்தது. பதினெட்டு வயதில் எனக்கிருந்த துணிச்சல் இவளுக்கிருந்ததில் கால்வாசி கூட இல்லை. நிழல் மட்டும் எனக்கு நிறைய இருந்தது. வெயிலில் நின்றவளிடம் நான் என்ன கொடுத்தேன்? ஒரு செம்புத் தண்ணீரும் ஒரு வாக்கியமும்.

ஐடா அம்மையார் கதையைக்கூட நாம் பாதியில் நிறுத்திவிடுகிறோம். திண்டிவனத்தில் அந்த இரவு இறந்த மூவரில் ஒருத்திக்குப் பதினான்கு வயதுதான் என்று சொல்வார்கள். கல்யாணமாகிப் பிரசவம் வரை வந்துவிட்ட பதினான்கு வயது. மேடையில் நான் அந்த வயதை ஒருமுறையும் அழுத்திச் சொன்னதில்லை. உறுதி எடுத்தார், படித்தார், 1900-இல் வேலூரில் சிறிய மருந்தகம் தொடங்கினார், பிறகு பெரிய ஆஸ்பத்திரி வந்தது என்று போய்விடுவேன். நடுவில் ஒரு ஆள் இருக்கிறார். நியூயார்க்கில் ராபர்ட் ஷெல் என்ற வயதான வங்கிக்காரர், இறந்துபோன மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். அதில்தான் 1902-இல் நாற்பது படுக்கையோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. ஐடாவின் மனவுறுதியை இதனால் நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த உறுதிக்குச் சுவர் எழுப்பிக் கூரை போட ஒரு பெரியவர் வந்தார் என்பதும் அதே கதையில்தான் இருக்கிறது. சொல்லித் தருகிற இடத்தில் இருக்கும் நாங்கள் அதை விழுங்கிவிடுகிறோம், சொன்னால் எங்களுக்கும் வேலை வந்துவிடும் என்பதால்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரலில் வேலூர் நாடாளுமன்றத் தேர்தல் பணப் பட்டுவாடாப் புகாரில் ரத்தானது. பணத்துக்காக மக்களவைத் தேர்தல் ஒன்று ரத்தானது நாட்டிலேயே அதுதான் முதல் தடவை. ஆகஸ்ட் 5-இல் மறுபடி வாக்குப்பதிவு. அந்த இடைவெளியில் வாக்கை விற்காதீர் என்று அட்டை பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்தவர்கள் மாணவர்கள். ஓட்டுரிமையே இல்லாத ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். பணத்தை வாங்கியதும் கொடுத்ததும் அவர்களில்லை. ஒரு ஊர் செய்த தப்புக்கு அதன் பிள்ளைகளைத் தெருவில் நடக்கவிட்டு, பார்த்தாயா, இளைஞர் எழுச்சி என்று சொல்கிறோம். அன்று ஊர்வலத்துக்கு வரிசை கட்டி அனுப்பிய ஆசிரியர்களில் நானும் ஒருத்தி.

மெரினாவில் நின்ற பிள்ளைகளைப் பற்றி எனக்கு இன்றும் மரியாதைதான். ஆனால் லட்சம் பேரோடு நிற்பதும், தன் சித்தப்பா, பெரியப்பா, எதிர்வீட்டு அத்தை எல்லோரும் ஒருபுறம் நிற்க மறுபுறம் தனியாக நிற்பதும் வேறு வேறு. குழந்தைக் கல்யாணம் ஊருக்கு வெளியே இருக்கிற எதிரி செய்வதில்லை. சாப்பாடு போட்டு வளர்த்தவர்கள் செய்வது. 1929-இல் சாரதா சட்டம் பெண்ணின் கல்யாண வயதைப் பதினான்கு என்று வைத்தது. 1978-இல் அது பதினெட்டாக உயர்ந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், இருபதிலிருந்து இருபத்துநான்கு வயதுப் பெண்களில் பதினெட்டுக்கு முன் கல்யாணம் ஆனவர்கள் நாடு முழுக்க 23.3 சதவீதம், தமிழ்நாட்டில் 12.8. நாற்பது பெண்கள் படிக்கிற வகுப்பென்றால் ஐந்து பேர். என் பதிவேட்டைப் புரட்டி அந்த ஐந்தைப் பெயரோடு என்னால் காட்ட முடியும். ஒவ்வொருத்தி கல்யாணத்திலும் யாரோ ஒரு தோழிக்கு எல்லாம் தெரிந்திருக்கும். அந்தத் தோழிக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்று நான் கேட்டதே இல்லை.

நாற்காலி

ஜூன் 13-இல் பள்ளி திறந்தது. அந்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். என்னம்மா, எங்கே பாடம் என்றேன். இடம் இல்லை டீச்சர் என்றாள். உங்க வாசல் இருக்கே என்றேன். அவர்கள் வீட்டில் திண்ணை கிடையாது. வாசலில் வேப்பமரத்தடியில் கொஞ்சம் மண்தரை. அவள் அம்மா முறத்தை நகர்த்திக்கொண்டு இடம் விட்டார். நான் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து நோட்டுத் திருத்த ஆரம்பித்தேன். அவள் கரும்பலகையை மரத்தில் சாய்த்துவிட்டு நின்றாள். ஐந்திலிருந்து ஏழுவரை ஒருத்தரும் வரவில்லை. போகிற வருகிறவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டுப் போனார்கள். "இன்னா டீச்சரம்மா, இங்க?" என்று ஒருவர் கேட்டார். பாடம் நடக்குது என்றேன்.

அடுத்த நாளும் போனேன். மூன்றாம் நாள் கழித்தல் கணக்குப் பையன் வந்தான். அவன் பாட்டி கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். அந்தப் பாட்டி 1992-இல் என் விளக்கடியில் உட்கார்ந்தவர். ஒன்றும் பேசவில்லை, பையனை விட்டுவிட்டுத் தானும் ஓரமாக உட்கார்ந்தார். மாதம் முடியும்போது ஒன்பது பிள்ளைகள். பதினெட்டு திரும்ப வரவே இல்லை. மூன்று மாதம் தினமும் போனேன். கல்யாணம் நின்ற வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எனக்கு அது வலித்தது, ஆனால் அவள் மேல் இருந்ததில் கொஞ்சம் என் பக்கம் நகர்ந்துவிட்டது என்பதும் தெரிந்தது. பீடி இலை வர ஆரம்பித்தது. அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டம் வந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம். அவள் கணக்கில் முதல் ஆயிரம் ஏறிய அன்று எனக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்தச் சின்னப் பெண் என்ன ஆனாள் என்று இதைக் கேட்கிற எல்லோரும் கேட்பார்கள். பிளஸ் டூ முடித்தாள். 2024-இல் பதினெட்டு முடிந்தது. அடுத்த முகூர்த்தத்திலேயே அதே தாய்மாமனோடு கல்யாணம் நடந்தது. இதுக்கா அத்தனை ஆர்ப்பாட்டம் என்று ஊரில் சிரித்தார்கள். ஆசிரியர்கள் அறையில்கூட ஒருவர் அப்படிக் கேட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு அவளே என் வீட்டுக்கு வந்தாள். "ரெண்டு வருஷம் கெடைச்சுது டீச்சர். வேணும்னு நானே சொன்னேன். நர்சிங் சேர்க்கணும்னு மாமாகிட்ட எழுதி வாங்கிக்கினேன்" என்றாள். பேச்சுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பையைத் திறந்து காட்டினாள். கோடு போட்ட தாளில், நான்கு வரி, கீழே கையெழுத்து, தேதி. அப்பா அம்மா எழுதிக் கொடுத்ததை அவள் பதினாறு முடியாத வயதில் பார்த்திருந்தாள். திருமணப் பத்திரிகையில் ஒன்றைத் தனியாக எடுத்து, அக்காவுக்கு நானே வைக்கணும் என்று சொல்லிவிட்டு வேப்பமரத்தடி வீட்டுக்குப் போனாள். பெரியவர்கள் யாரும் கூடப் போகவில்லை. அக்கா கல்யாணத்துக்கு வந்தாள், கடைசி வரிசையில் உட்கார்ந்தாள், பந்தியில் சாப்பிட்டாள். நான் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன்.

அந்த அக்கா இப்போது வேலூரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். காலை பஸ், இரவு பஸ். போன வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி என் வாசலில் வந்து நின்றாள். அதே நிற்பு.

"டீச்சர், பக்கத்து ஊர்ல ஒண்ணு. ஒன்பதாவது முடிச்சிருக்குது. அதோட ஃப்ரெண்டு எனக்குப் போன் பண்ணிச்சு. வெள்ளிக்கிழமை முகூர்த்தம்." போனைக் கையில் எடுத்து வைத்திருந்தாள். "நான் பண்ணட்டா?"

குடு என்று வாங்கினேன். ஒன்று, பூஜ்யம், ஒன்பது, எட்டு. எடுத்தவரிடம் ஊர், தெரு, மண்டபம், நேரம் எல்லாம் அவள் சொல்லச் சொல்ல நான் சொன்னேன். உங்க பேரைச் சொல்ல வேண்டியதில்லைம்மா, ரகசியமா இருக்கும் என்றார் அந்தப் பக்கத்துப் பெண். பரவாயில்லை, எழுதிக்கோங்க என்று என் பெயர், பள்ளி, வீட்டு விலாசம், என் செல் நம்பர் எல்லாம் கொடுத்தேன். விலாசத்தை இன்னொரு முறை கேட்டார். நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்து செம்பை அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.